நாலு எண்ணும்வரை மழை

விடியற்காலை ஐந்தேகாலுக்கு எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். முதலில் வருவது காற்று. மூன்றாம் மாடிக் குழாய் நீளமாக ஒரு மூச்சு விடும், நிறுத்தும், இரண்டு தரம் இருமும், துப்பும். அப்புறம் திடீரென்று ஏதோ ஞாபகம் வந்ததுபோல ஒரு வீச்சு வீசிவிட்டு மெலியும். நாகர்கோவிலில் இந்த வீட்டுக்குக் குடிவந்து வெகுகாலமாகிறது. இன்றைக்கும் அந்த முதல் வீச்சைக் கேட்டால், பாதித் தூக்கத்தில் என் உதடு தானாக எண்ணத் தொடங்கிவிடுகிறது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அதற்கு மேல் எண்ண எனக்குப் பழக்கமில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அருமனையிலிருந்து உள்ளே போகும் சாலையில், ஒரு சரிவின் நடுவே எங்கள் வீடு. வீட்டிலிருந்து எண்பது படி இறங்கினால் கிணறு. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்களைக் கடந்து போய், கடைசியில் ஒரு செங்குத்துப் பாறையில் ஏறினால், பாறை இடுக்கில் ஓர் ஊற்று. எங்கள் கூரையைவிட ஒரு தென்னை உயரம் மேலே. சித்திரையிலும் வற்றாது. தலைக்கு மேலே தண்ணீர் சும்மா வழிந்துகொண்டிருக்க, காலுக்குக் கீழே இருக்கும் தண்ணீரை அம்மா இடுப்பில் வைத்து ஏறிக்கொண்டிருந்தாள். அது எங்களில் யாருக்கும் விசித்திரமாகத் தோன்றியதில்லை. மழை மேலிருந்து வரும், வெள்ளம் (எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு அதுதான் பேர்) கீழேயிருந்து வரும், அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்குத்தான் தோன்றியது. அப்பாவின் ஒரே தம்பி. கல்ஃபிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, அவர் பெட்டிக்குள் பழைய பனியனில் சுற்றிவைத்த ஒரு ஷவர் இருந்தது. சூரியகாந்திப் பூ அளவு, வெள்ளி நிறம், முகம் நிறைய ஊசித் துளைகள். கையிலிருந்து கைக்குப் போனது. ஒவ்வொருவரும் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அம்மா நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

ஷவர் சித்திக்காக. கல்யாணமாகி நாற்பதாம் நாள் சித்தப்பா விமானம் ஏறியிருந்தார். சித்தி தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தாள். இரண்டரை வருடம் அங்கேயே இருந்தாள். இப்போது வரலாமே என்று ஆள் அனுப்பியபோது, அவளுடைய அண்ணனிடமிருந்து பதில் வந்தது. எண்பது படி ஏறி வெள்ளம் சுமக்கத் தன் தங்கையை அனுப்ப முடியாது. வீட்டில் குழாய் வந்த பிறகு தானே கொண்டுவந்து, தானே கண்ணால் பார்த்து, விட்டுவிட்டுப் போவதாக. சபையின் அறுப்பின் பண்டிகை கழிந்த சனிக்கிழமை என்று நாளும் குறித்திருந்தார். தண்ணீர் வந்தால் சித்தி வருவாள். ஒன்பது வயதில் அதைவிடத் தெளிவான கணக்கு எனக்கு வேறில்லை.

குளியலறை ஒரே வாரத்தில் எழுந்தது. ஊற்றிலிருந்து தண்ணீரை வீட்டுக்கு இறக்க ஓஸ் குழாய் வாங்கும்போதுதான் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு வந்தது. அப்பா அதிகம் பேசாதவர். காலையில் ரப்பர் வெட்டி, மத்தியானத்தில் பாலை உறையவைத்து ஷீட்டு அடித்து, சாயங்காலம் திண்டில் சாய்ந்துவிடுகிற மனிதர்.

"ஒண்ணேகால் இஞ்சு வாங்குலே. அர இஞ்சு ஓஸ்ல என்னத்த வரும்?"

"தடிச்ச ஓஸ்ல வெள்ளம் சோம்பிக்கிட்டாக்கும் வரும், அண்ணே. எடம் நெருங்கினாத்தான் சீறும்."

சொன்னதோடு நிற்கவில்லை. முற்றத்துப் பீப்பாயில் ஒரு துண்டு ஓஸை மாட்டி, வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினார். வழிந்துகொண்டிருந்த தண்ணீர் விறைத்து எழுந்து, ஆறடி தள்ளி நின்ற அப்பாவின் நெஞ்சில் அடித்தது.

"கண்டீரா?"

"கண்டேன்" என்றார் அப்பா, சட்டையைப் பிழிந்துகொண்டே. "பின்ன கல்ஃபில பைப்புக்குள்ள மனுசன் நடந்து போலாம்னு எழுதினியே, அது?"

"அது எண்ணயில்லா. எண்ணைக்கு என்ன அவசரம்?"

அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. கல்ஃபைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அங்கே அவர் குழாய்களைத் தோளில் சுமந்தார் என்பதும், அவற்றுக்குள் ஓடியது எப்படி ஓடியது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதும் பிற்பாடு தெரிந்த விஷயங்கள்.

அரை இஞ்சுக் கறுப்பு ஓஸ், நாலு சுருள், நானூறு மீட்டர். முதல் சுருள் பாறையிலிருந்து செங்குத்தாக இறங்கியது. மற்ற மூன்றும் மரவரிசைகளுக்கு நடுவே, ஏறக்குறைய மட்டமாக, வளைந்து வளைந்து வீட்டுக்கு வந்தன. சுருளும் சுருளும் சேருமிடத்தில், ஓஸின் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி இளக்கி, இணைப்புத் துண்டைச் சொருக வேண்டும். அது எல்லா ஊரிலும் செய்வது. எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒன்று செய்வோம். ரப்பர் பால் ஒட்டாத சாமானம் எங்களுக்கு இல்லை. செருப்பு அறுந்தால், பந்து கிழிந்தால், ஷீட்டு உலர்த்தும் புகைப்புரையின் கூரை ஒழுகினால், எல்லாவற்றுக்கும் தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் பால். சித்தப்பா ஓஸின் முனையில் வெளியே பூசினார். போதாதென்று விரலை விட்டு உள்ளேயும் தாராளமாகப் பூசினார். வெயிலில் அது வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, தேன் நிறமாகி இறுகியது. ஒரு சொட்டு கசியவில்லை. பார்க்க வந்தவர்கள் தடவிப் பார்த்து மெச்சினார்கள்.

திறந்துவிட்ட அன்று காற்று வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அம்மா, அப்பா, நான் மூவரும் ஷவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். இருமல், துப்பல், ஒரு வீச்சு. பிறகு, அத்தனை துளைகளில் கீழ்விளிம்பில் இருந்த மூன்று மட்டும் சொட்டின. ஷவரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பென்சில் தடிமனில் ஒரு நீர், சுவரை நனைத்துக்கொண்டு இறங்கியது.

மேலேயிருந்து ஓடி வந்த சித்தப்பா கொஞ்சநேரம் பார்த்தார். "காத்துப் பிடிச்சிருக்கு" என்றார்.

மறுநாள், தவளை அடைத்திருக்கிறது என்றார். அதற்கடுத்த நாள் எங்கேயோ ஒழுகுகிறது என்று முடிவாயிற்று. நானூறு மீட்டரும் ஓஸை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். பின்னால் நான் நடந்தேன். கருத்த ஓஸ், காய்ந்த இலை, மரங்களில் கவிழ்த்துவைத்த சிரட்டைகள், எங்கேயும் ஈரமில்லை. பிறகு கத்தியை எடுத்தார். பாறையடியில் வெட்டிப் பார்த்தார். தண்ணீர் அவர் முழங்கை வரை அடித்தது. பாதி வழியில் வெட்டினார். அதில் பாதிகூட இல்லை. வீட்டுப் பக்கத்தில் வெட்டினார், பென்சில். வெட்டிய இடத்தையெல்லாம் மறுபடி இணைத்தார், பால் பூசினார், உள்ளேயும் வெளியேயும். தண்ணீர் இன்னும் மெலிந்தது. அதனால் இன்னும் இரண்டு இடத்தில் வெட்டினார்.

"வெள்ளம் எங்கயும் போவல அண்ணே. பெலம் மட்டும் போவுது. பெலத்த எவன் களவாங்குவான்?"

"விடுலே. ராத்திரி முழுக்கத் தெறந்து போட்டா காலையில தொட்டி நெறையும். அஞ்சு பேருக்குத் தாராளம்."

"நான் ஷவராக்கும் சொல்லியிருக்கேன்."

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் சித்தியின் அண்ணன் வருகிறார். குளியலறைக்கு வெளியே கொய்யா மரத்தடியில் ஓஸுக்கு ஒரு வால்வு வைத்திருந்தார்கள். நான் அதைத் திருகி அடைத்துவிட்டு எங்கேயோ விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்து, திட்டு விழுமே என்று அவசரமாகத் திறந்தேன். உள்ளே ஷவர் உறுமியது. எல்லாத் துளையிலிருந்தும், ஒன்றுவிடாமல், வெள்ளை வெள்ளையாக. எட்டிப் பார்ப்பதற்குள் அடங்கி, மூன்று துளையாகிவிட்டது.

சித்தப்பா சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தார். அடைக்கச் சொன்னார். அரைமணி நேரம் இருவரும் கொய்யாவடியில் உட்கார்ந்திருந்தோம். திறந்தேன். உறுமியது.

"எண்ணு மக்கா."

எண்ணினேன். நாலு.

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை வேறு எங்கே பார்த்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஓட்டப்பந்தயத்தில் குறுக்குவழி கண்டுபிடித்த பையன்களிடம் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சித்தியோடு ஜீப் வந்தது. சித்தியின் அண்ணன் மீன் ஏலம் எடுப்பவர். எதையும் கையில் தூக்கிப் பார்த்து விலை சொல்லுகிற பழக்கம் உடம்பில் ஊறியிருந்தது. சுவரைத் தட்டினார், கதவைத் தூக்கி ஆட்டினார், ஷவரின் கழுத்தைத் திருகிப் பார்த்தார்.

"வால்வத் தெற மக்கா" என்றார் சித்தப்பா, ஏதோ தினமும் சொல்வதுபோல.

மழை. ஒண்ணு, ரெண்டு, மூணு.

"போதும் மக்கா, அடச்சிரு. வெள்ளத்த வீணாக்கப்பிடாது."

நாலில் அடைத்தேன். தண்ணீர் வந்ததைவிட, அதை வீணாக்காததுதான் சித்தியின் அண்ணனுக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். "கொள்ளாமே" என்று மெச்சித் தலையாட்டினார். "எங்க வீட்டு மோட்டருக்குக்கூட இந்தச் சீற்றம் கெடையாது. இன்னொருக்கா தெறந்தே, பாப்போம்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் வால்வைப் பார்த்தேன்.

"மொதல்ல சாப்பிடுவோம் மச்சான். கறி ஆறுது."

சாப்பாடு நிதானமாக நடந்தது. மீன்கறி இரண்டாம் தரம் வந்தது, மூன்றாம் தரமும் வந்தது. சித்தப்பா கல்ஃபின் வெயில், கல்ஃபின் ரொட்டி, கல்ஃபின் ஒட்டகம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கை கழுவியபின் மறுபடி மழை, மறுபடி நாலு. அண்ணன் திருப்தியாகப் புறப்பட்டுப் போனார்.

சித்தி ஷவரைப் பார்க்கவே இல்லை. இரண்டு தரமும் பலாமரத்தடியில் நின்றபடி சித்தப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திக் கீறல்களும், உரித்தெடுக்காத ரப்பர் பாலும், வெந்நீர்க் கொப்புளங்களுமாக இருந்தது அந்தக் கை. என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று அவர் கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் புறப்படும் முன் சித்தி குளிக்கப் போனாள். நான் கொய்யாவடியில் இருந்தேன். ஷவர் உறுமியது, அடங்கியது.

"ஏட்டி, வால்வ அடச்சியா?"

"இல்ல சித்தி."

"பின்ன?"

நான் வால்வைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். உள்ளே அவள் ஷவருக்கடியில் இருந்த குழாயைத் திருகி அடைக்கும் சத்தம். காத்திருந்தாள். திறந்தாள். உறுமல். அடைத்தாள். ஒரு தலைக்குளியலுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்பா வெளியே உலாத்திக்கொண்டே, முதல் பாட்டு முடிந்திருக்கும், இப்போது ஜெபம் முடிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி சிவந்த கண்ணோடு வெளியே வந்தாள். கண்ணில் சோப்பு போயிருக்கும் என்றாள் அம்மா.

சாயங்காலம் ஷீட்டு காயப்போட்ட கம்பியடியில் சித்தி என்னைப் பிடித்தாள்.

"எங்க அண்ணன் வந்தப்ப நீ எத்தர வர எண்ணின?"

"நாலு வர."

"நீயும் கூட்டாக்கும் அப்போ."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பெரியவர்கள் சிரித்துவிட்டால் காரியம் தீர்ந்தது என்று அன்றைக்கு எனக்கு ஒரு நம்பிக்கை.

அடுத்த நாளிலிருந்து சித்தி கிணற்றுக்கு இறங்கினாள். யாரும் சொல்லவில்லை. அவளுக்கு அது பாரமாகவும் தெரியவில்லை. அவள் இடுப்பிலிருந்த குடம் எண்பது படியிலும் ததும்பாமல் வந்தது. அம்மாவோடு பேச்சும் சிரிப்புமாக ஏறி வருவாள். மேலே தோட்டத்திலிருந்து அதைப் பார்த்த சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிப்போகும். "நான் இருக்கும்ப நீ எதுக்கு வெள்ளம் கோருத?" என்று அங்கிருந்தே சத்தம் போடுவார். பிறகு கத்தியும் சிரட்டையுமாக ஓஸோடு நடக்கப் போய்விடுவார். காலையில் போவார். மத்தியானச் சோற்றை நான்தான் கொண்டு கொடுப்பேன். இருட்டினால் வருவார், வந்த அலுப்பில் தூங்கிவிடுவார். புதிது புதிதாக வெட்டினார், புதிது புதிதாக ஒட்டினார். பென்சில் குடைக்கம்பியாயிற்று. சித்தி வந்து ஒன்பது நாளில், அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கட்டன்சாயா குடித்ததை நான் பார்க்கவில்லை.

அந்த ஓஸை அடுத்த வருடம் பிடுங்கினோம். அப்பா ஒவ்வொரு மூட்டாக நீளவாக்கில் கீறிப் பார்த்தார். எல்லாவற்றுக்குள்ளும் உறைந்த ரப்பர் பால், வெள்ளை மோதிரம் போல, ஒரு சுண்டுவிரல் நுழையாத வட்டமாக நின்றது. ஒரு சொட்டு வெளியே போகாமல் காத்த அதே பால். அப்பா மோதிரங்களைப் பிய்த்து கழிவு ரப்பர் சேர்க்கும் ஒட்டுப்பால் சாக்கில் போட்டார்.

கல்லூரியில் ஒரு மத்தியான வகுப்பில்தான் எனக்கு மீதியும் விளங்கியது. பெலத்தை யாரும் களவாடவில்லை. தண்ணீர் குழாயின் சுவரோடு உரசுகிறது, தன்னோடு தானே உரசுகிறது. உரசிய ஒவ்வொரு முழத்துக்கும் தான் விழுந்த உயரத்தில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு நகர்கிறது. கொடுத்தது சூடாகிறது, எந்தக் கையாலும் தொட்டு அறிய முடியாத சூடு. நின்றிருக்கும் தண்ணீருக்கு இழப்பில்லை. அதனால்தான் அடைத்துவைத்த குழாய்க்குள் தென்னை உயரமும் முழுசாகக் காத்திருந்தது, நாலு எண்ணுவதற்கு மட்டும் வெளியே வந்தது. ஓடத் தொடங்கியதுமே வழி தன் பங்கைக் கேட்க ஆரம்பித்துவிடும். குழாய் இரண்டு மடங்கு அகலமென்றால், அதே தண்ணீருக்கு அந்த இழப்பு முப்பதில் ஒரு பங்காகிவிடுமாம். ஓஸின் வாயில் ஒரு விரல்கடை நெருக்கினால் சீறும், அது சரிதான். சித்தப்பா செய்தது அந்தக் கட்டைவிரலை நானூறு மீட்டருக்கு நீட்டியது. வகுப்பில் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே, ஒரு காகம் தொட்டி விளிம்பில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்த பத்தாம் நாள் காலை சித்தி புறப்பட்டாள். சண்டை ஒன்றுமில்லை. சித்தப்பாவே விடிகாலையில் சொல்லியிருந்தார்: "நீ அங்க போய் இரி. நான் பெரிய ஓஸ் வாங்கிப் போட்டுட்டு வந்து கூட்டிட்டு வாறேன்." சரி என்றாள். அவர் மேலே போய்விட்டார். அவள் பையை அம்மா சாலைவரை தூக்கி வந்தாள். குடையை நான் எடுத்துக்கொண்டேன். அம்மா பக்கத்துக் கடையில் பழம் வாங்கித்தரப் போன நேரத்தில் பஸ் வந்துவிட்டது. சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குடையை நீட்டிக்கொண்டே கேட்டேன், பெரிய ஓஸ் போட்டா வந்திருவியளா என்று.

அவள் சொன்னது இரண்டு வாக்கியம். அதைச் சித்தப்பாவிடம் சொல்லிவிட வேண்டுமென்று, சாலையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து பாறையடி என்று மூச்சிரைக்க ஓடினேன். முதல் வாக்கியம் எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை. பெரியவர்கள் பஸ் கிளம்பும்போது சும்மா சொல்கிற ஒன்று என்று நினைத்தேன். ஓஸ் இருந்தது இரண்டாவதில்தான். அதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து சொன்னேன்: "ஓஸ் பொறவு வாங்கலாமாம்."

சித்தப்பா கத்தியை வேட்டியில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். "அப்படியாக்கும் சொன்னா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இப்போதைக்கு வரமாட்டாள் என்றுதான் அவருக்குக் கேட்டிருக்கும். பெரிய ஓஸ் வாங்கவில்லை. கூட்டி வரவும் போகவில்லை. இரண்டு மாதத்தில் மறுபடி விமானம் ஏறினார். இன்னொரு மூன்று வருடம். அதற்கப்புறம் மார்த்தாண்டம் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து இருவரும் இருந்தார்கள், கிணறுள்ள வீடு. இரண்டு பிள்ளைகள். நன்றாகத்தான் இருக்கிறார்கள். இடையில் போன அந்த மூன்று வருடத்தைப்பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை; நானும் அந்த முதல் வாக்கியத்தை இன்றுவரை சித்தப்பாவிடம் கொண்டு சேர்க்கவில்லை. அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் கண்டக்டர் விசிலடித்தார். சித்தி ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுக் குடையை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு என்ன வேணும்னு ஒருக்கா எங்கிட்ட கேக்கச் சொல்லு மக்கா. ஓஸ் பொறவு வாங்கலாம்."